தூரம் மாறாது, நேரம் மாறும்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் வரையக்கூடிய மிகக் குறுகிய வளைகோடு அது, என்றைக்கும் மாறாது. ஆனால், விமானப் பயணத் திட்டம் போடும் எங்களுக்கு அந்த எண் பாதிக் கணக்குதான். விமானம் பறப்பது காற்றுக்குள்; அந்தக் காற்றும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் மேல் 30,000 அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்வதால், லண்டனிலிருந்து நியூயார்க் போக, வருவதைவிடப் பொதுவாக ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. சுற்றியிருந்த காற்றுக்குள் அது பறந்தது வழக்கமான வேகத்தில்தான்.

போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடுமே, கணக்கு நேராகிவிடாதா என்று கேட்கலாம். நேராகாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், காற்றே இல்லாவிட்டால், போய்வர 12 மணி 20 நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் வரவுக்கு 5 மணி 33 நிமிடம், போக்குக்கு 6 மணி 56 நிமிடம். மொத்தம் 12 மணி 29 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நஷ்டம் லாபத்தை மிஞ்சுகிறது. அதனால்தான் மேற்கே போகும்போது ஜெட் ஓட்டத்தை விட்டு விலகி, வேண்டுமென்றே நீளமான வழியை எடுக்கிறோம். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். கிழக்கு நோக்கிய வான்தடங்களைக் கனடாவின் காண்டர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும், மேற்கு நோக்கியவற்றைப் பிரிட்டன்-அயர்லாந்துப் பக்கத்து ஷான்விக் மையமும் அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் வகுக்கின்றன.

அப்படியானால் கால அட்டவணையில் மட்டும் ஒரே நேரம் எப்படி அச்சாகிறது? அது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலைய வானத்தில் முறைக்குக் காத்து வட்டமடிப்பது, அந்தப் பருவத்தின் சராசரிக் காற்று எல்லாம் அதில் அடங்கும். தாமதத்தை வேகம் கூட்டி ஈடுசெய்யலாமே என்றால், ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை செங்குத்தாக ஏறி எரிபொருளைத் தின்றுவிடும். பாதுகாப்பு விதிகளும் நேரத்தையே நம்புகின்றன: ஜெட் விமானத்தின் இறுதிக் கையிருப்பு எரிபொருள் 30 நிமிடத்துக்கானது, இரட்டை எஞ்சின் விமானம் மாற்று விமான நிலையத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கும் வரம்பு நிமிடங்களில்தான். ஆகவே, இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் திசையில், எந்த மாதத்தில் பறக்கிறோம் என்று பார்த்து இடைவெளி விடுங்கள்; குளிர்காலத்தில் மேற்கே போவதானால் இன்னும் தாராளமாக விடுங்கள்.