முடக்குவாதம்

பிரெஞ்சு நாட்டில் ரெனுவார் (1841–1919) என்னும் பெயர்பெற்ற ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். ஐம்பது வயதளவில் அவரை ஒரு நோய் பற்றியது. கைவிரல்கள் வீங்கி, நாளடைவில் கோணி முடங்கின. இறுதி ஆண்டுகளில் நடக்கவும் இயலவில்லை. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். துணி சுற்றிய கையில் பிறர் தூரிகையைப் பொருத்தித் தர, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ஓவியம் தீட்டிவந்தார். அவரை வாட்டிய நோய் முடக்குவாதம் ஆகும்.

குருதியில் உலவும் வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்கும் காவலர். அக்காவலரே மயங்கி, மூட்டின் உட்புறத்து மெல்லிய சவ்வைத் தாக்குவதால் இந்நோய் விளைகின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் என்னாகும்? சவ்வு வீங்குகின்றது; எலும்பும் அரிக்கப்படுகின்றது.

காவலர் மயங்குவது ஏன்? உயிரணுக்களின் மேற்புறத்தில் எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் உள்ளன. அவை சிறு புரதத் துணுக்குகளைத் தட்டில் ஏந்திக் காட்டுவதுபோல் காட்ட, டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் தம் ஏற்பிகளால் தொட்டறிந்து, நம்முடையது எது, அயலது எது எனத் தெளிகின்றன. அத்தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதனை வகுப்பன பெற்றோர் வழிவந்த மரபணுக்களே. அவ்வடிவங்களுள் டி.ஆர்.4 என்னும் வகை முடக்குவாத நோயாளரிடம் மிகுந்திருத்தலை 1978ஆம் ஆண்டில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். இந்நோயோடு தொடர்புடைய வேறு சில வகைகளிலும் 70 முதல் 74 வரையுள்ள இடங்களில் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்துள்ளன என்பதை 1987இல் கிரெகர்சன் முதலிய மூவர் விளக்கினர்.

அங்ஙனமாயின், இவ்வகையோடு பிறந்தவரெல்லாம் நோயுறுவரோ? உறார். ஒரே கருவில் தோன்றிய இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. எனினும், ஒருவருக்கு இந்நோய் வரின் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கே. இவ்வகையைத் தாங்கியும் நலமாக வாழ்வோர் மிகப் பலர். ஆதலின் இதனைக் குலத்தின் குறையெனப் பழிப்பதும், நோயுற்றோரின் மக்கள் அஞ்சி நடுங்குவதும் அறியாமையே.

மேலும், இத்தகைய மரபணு உடையோர் புகைபிடித்தால் நோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகும் எனச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் காட்டின. பிறப்பில் வந்ததை மாற்றுதல் நம் கையில் இல்லை. புகையைத் தீண்டாதிருத்தல் நம் கையில் உள்ளது.

இந்நோய் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகின்றது. காலையில் எழுந்த அன்னை, விரல்கள் விறைத்துக் குடத்தைப் பற்ற இயலாது வருந்தக் காணும் பிள்ளை, அதனைச் சோம்பல் என்றோ முதுமை என்றோ எண்ணி வாளா இருத்தல் ஆகாது. குடத்தைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். காலந்தாழ்த்தாது அன்னையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். ரெனுவார் காலத்தில் இல்லாத மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைத் தொடக்கத்திலேயே மருத்துவர் கூறியவாறு உட்கொண்டால், விரல்கள் முடங்காமல் பெரும்பாலும் காக்கலாம்.