சிட்லிங்கி: மறுபடி ஊசி பிடித்த ஊர்

அரூரிலிருந்து தீர்த்தமலையைக் கடந்து, கோட்டப்பட்டி வழியாகப் பஸ்ஸில் வருகிறவனுக்குச் சமவெளியின் வெக்கை மெல்ல மெல்லத் தணிந்து, ஒரு புறம் சித்தேரி மலையும் மறு புறம் கல்வராயன் மலையும் நெருங்கி வந்து நிற்குமே, அவற்றின் நடுவே கிடக்கிற பள்ளத்தாக்குதான் எங்கள் சிட்லிங்கி. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம். நிர்வாக விவரம் அவ்வளவுதான்.

இங்கே பெரும்பான்மையோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் அல்லர், வெளியூரார் ஒவ்வொருவருக்கும் இதை விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.) 1993-ஆம் வருஷத்தில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஓலைக் குடிசையில் தொடங்கிய வைத்தியசாலையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஊரின் ஓரத்தில் இருக்கும், தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளைப் பற்றி.

லம்பாடிகள் நடந்தே தேசத்தை அளந்தவர்கள். பொதி எருதுகளின் மீது உப்பும் தானியமும் ஏற்றி, மொகலாயப் படைகள் சென்ற திசையெல்லாம் உடன் சென்று சோறிட்டவர்களுடைய ஜீவனம், வெள்ளைக்காரனின் ரயிலும் உப்புச் சட்டமும் வந்தபின் நசிந்தது. ஆனால் எருது போன பின்பும் ஊசி போகவில்லை. பேட்டியா என்னும் பாவாடையிலும் காஞ்சளி என்னும் ரவிக்கையிலும், சோழியும் நாணயமும் கண்ணாடிச் சில்லுமாக அந்தப் பெண்கள் தைத்துக்கொண்ட அலங்காரத்தில், ஒரு குடும்பத்தின் சொத்து, சீர், அபிமானம் யாவும் அடங்கியிருந்தன.

அந்தத் தையலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லுக்குத் துளையும் கிடையாது, பசையும் கிடையாது. முதலில் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாலு நூலை இழுத்துக் கட்டி, அந்தக் கட்டு நூலையே பற்றுக்கோடாகக் கொண்டு சுற்றிலும் வளையம் வளையமாகப் பின்னி வந்தால், நூல் தானாகவே ஓரத்துக்கு விலகி, சில்லை வட்டமாகக் கவ்விக்கொள்ளும். கட்டு நூல் தளர்ந்தால் சில்லு விழும்; அதிகம் இறுகினால் துணி சுருங்கும். இந்தப் பக்குவத்தை எந்த ஏட்டிலும் எழுதி வைக்க முடியாது. தாயின் கை பார்த்து மகள் கை பழக வேண்டும்.

அந்தச் சங்கிலிதான் எங்கள் ஊரில் அறுந்துபோயிற்று. சந்தையிலும் பஸ்ஸிலும் மற்றவர்கள் செய்த பரிகாசம் பொறுக்காமல் பெண்கள் சேலைக்கு மாறினார்கள் என்று கிழவிகள் சொல்வார்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், இந்தத் தையலை மீட்டே தீர்வது என்று டாக்டர் லலிதா தாண்டாவில் விசாரித்தபோது, அது நினைவிலிருந்தவர்கள் இரண்டே மூதாட்டிகள். அந்த இருவருடைய விரல்களிலிருந்து இறங்கிய வித்தை இன்று 60 பெண்கள் அளவில் பரவியிருக்கிறது. அவர்களுடைய சங்கத்துக்குப் ‘பொர்கை’ என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது பொற்கை என்றே விழும். பொற்கைப் பாண்டியனை அறிந்த எனக்கு அந்தப் பிழை திருத்தத் தோன்றவில்லை.

திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் நாலைந்து பேராக உட்கார்ந்து, ஒருத்தி தொடங்கிய ஓரத்தை இன்னொருத்தி முடிக்க, மெத்தை விரிப்பும் தலையணை உறையும் சுவர்த் திரையும் உருவாகின்றன. பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில்கூட இவர்கள் கைவேலை இடம்பெற்றிருக்கிறது.

இனி என் குறையைச் சொல்கிறேன். விமானம் ஏறுகிறவன் அந்தத் தையலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். தைத்தவளுக்கோ அரூருக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நாள் வீண். ஒரு விரிப்புக்கு எத்தனை நாள் கண் நோகக் குனிந்திருக்கிறாள் என்று கேளாமல், கண்காட்சியில் கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோல் பேரம் பேசுகிறார்கள் பட்டணத்துச் சீமாட்டிகள். போதாக்குறைக்கு, இதே லம்பாடி ஜனங்கள் ஆந்திரத்தில் பழங்குடியினர், கர்நாடகத்தில் அட்டவணைச் சாதியினர். எல்லை தாண்டி எங்களிடம் வந்ததும் இரண்டும் இல்லை. எந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் பிள்ளைகள் படிப்பதாம்?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் குறையவில்லை. போன பொங்கலுக்கு ஊர் திரும்பிய ஒரு பெண், கண்ணாடி மினுங்கும் சுடிதார் அணிந்து வந்தாள். அவளுடைய ஆயா, பொர்கையில் தைக்கிறவள், பேத்தியின் கையைப் பிடித்து நிறுத்தி, துணியின் ஓரத்தைப் புரட்டி உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு தையலும் இல்லை. பிளாஸ்டிக் சில்லுகளை இயந்திரம் ஒட்டியிருந்தது.

“எவ்வளவுடி குடுத்தே?”

“முந்நூறு, ஆயா. தள்ளுபடியிலே.”

கிழவி மறுமொழி சொல்லவில்லை. அவள் மடியில் பாதி முடிந்த காஞ்சளி ஒன்று கிடந்தது. யாரோ பட்டணத்தார் கேட்டிருந்தார்களாம். பேத்தி அதை எடுத்துத் தோள்மேல் வைத்துப் பார்க்கக்கூட இல்லை.