பெயரும் பொருளும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் இரண்டு நிலைகளில் வழங்குகிறது. ஒரு சொல் உணர்த்தும் கருத்தையும் பொருள் என்கிறோம். கையால் தொட்டு, நாவால் சுவைத்து அறியும் பண்டத்தையும் பொருள் என்கிறோம். வகுப்பறையில் பல ஆண்டுகளாக முதலாவது பொருளைக் கேட்டு மாணவர்களை எழுந்து நிற்கச் செய்தவர் யாம். இரண்டாவது பொருளை ஒருவர் எம்மிடம் கேட்டபோது, விடையின்றி யாமே நின்றோம். அந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

2019 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி, வளைகுடா நாடொன்றில் பணியாற்றும் எம் மைத்துனர் ஊருக்கு வந்திருந்தார். பேரீச்சம்பழம், அத்தர் முதலியவற்றோடு விரல் நீளமுள்ள கருநிறக் குப்பிகள் சிலவற்றையும் கொண்டுவந்து, உற்றார் வீடுகளுக்கெல்லாம் அன்பளிப்பாக வழங்கினார். குப்பியின்மேல் ஒரு தேனீயின் படமும் 'புரோபோலிஸ்' என்னும் பெயரும் இருந்தன. உள்ளே இருப்பது இன்னது, அளவு இவ்வளவு என்னும் குறிப்பு எதுவும் இல்லை. "மச்சான், வாய்ப்புண்ணுக்கு இதைவிட மேலான மருந்து கிடையாது. தேனீ தருவது; இயற்கையானது; ஒரு தீங்கும் செய்யாது" என்றார்.

எம் தாயாருக்கு அப்போது வாய்ப்புண் இருந்தது. யாமே எம் கையால் சில துளிகளை இட்டோம். இரண்டு நாட்கள் எரிச்சல் தணிந்ததுபோல் தோன்றியது. மூன்றாம் நாள் மஃரிபு நேரத்தில் அவருடைய உதடு தடித்தது, நாக்கு வீங்கியது, பேச்சுக் குழறியது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவரிடம் விரைந்தோம். ஊசி போட்டு, மூச்சுச் சீரான பின்னர் அவர் குப்பியைக் கையில் வாங்கி, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். "தேனீ தருவது, இயற்கையானது" என்றோம். "தேனீயின் கொடுக்கும் இயற்கையானதுதானே, ஐயா!" என்றார் அவர்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரம் வேதியியல் துறையைச் சேர்ந்த நண்பரை நாடி, மாணவனைப்போல் அவர்முன் அமர்ந்தோம். அவர் கூறியவற்றையும், அதன்பின் யாம் தேடிப் படித்தவற்றையும் இங்குச் சுருக்கித் தருகின்றோம்.

புரோபோலிஸ் என்பது தேனும் அன்று, மெழுகும் அன்று. மரங்களின் மொட்டுகளிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சுரண்டியெடுத்து, பின்னங்கால்களில் சுமந்துவந்து, மெழுகோடு கலந்து கூட்டில் பூசும் பசை அது. இப்பெயர் கிரேக்க மொழியினது; 'நகரத்தின் முன்' என்று அதற்குப் பொருள். தேனீக்கள் அதனால் கூட்டின் வெடிப்புகளை அடைக்கும், வாயிலைக் குறுக்கும், உள்ளே புகுந்து மடிந்த எலியை அகற்ற இயலாவிடின், அழுகி நாறாதவாறு அதன்மேல் பிசினைப் பூசி மூடிவிடும். நம் ஊர்ச் சுவர்ப்பொந்துகளில் வாழும் கொசுத்தேனீயும் பிசினையும் மெழுகையும் குழைத்தே தன் கூட்டைக் கட்டுகிறது.

மிதவெப்ப நாடுகளின் புரோபோலிஸில் ஏறத்தாழ 50 விழுக்காடு பிசினும், 30 விழுக்காடு மெழுகும், 10 விழுக்காடு நறுமண எண்ணெய்களும், எஞ்சியதில் மகரந்தம் முதலியனவும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. வேதியியலார் உலகெங்கும் கிடைத்த புரோபோலிஸ்களில் 300க்கும் மேற்பட்ட சேர்மங்களை இனங்கண்டுள்ளனர். ஆயினும் எல்லா நாட்டுப் புரோபோலிஸும் ஒன்றன்று. ஐரோப்பாவில் தேனீ பெரும்பாலும் பாப்லர் மரத்தின் மொட்டை நாடுகிறது. எனவே அங்குக் கிரைசின், கலாஞ்சின், பினோசெம்பிரின் ஆகிய ஃபிளேவனாய்டுகள் மிகுதி. பிரேசில் நாட்டின் பச்சைநிறப் புரோபோலிஸோ பக்காரிஸ் என்னும் புதர்ச்செடியிலிருந்து வருவது. அதன் தலையாய சேர்மம் ஆர்ட்டெபிலின்-சி. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஒன்றில் நடத்திய ஆய்வின் முடிவை மற்றொன்றின்மேல் ஏற்றிக் கூறுவது, ஒரு புலவர் பாடிய பாட்டுக்கு மற்றொரு புலவருக்குப் பரிசளிப்பதை ஒக்கும்.

கலாஞ்சின் என்னும் பெயரைக் கேட்டதும் யாம் நிமிர்ந்து அமர்ந்தோம். அது சிற்றரத்தையின் பெயரால் அமைந்தது என்றார் நண்பர். சளிக்கும் இருமலுக்கும் எம் தாயார் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தரும் அதே சிற்றரத்தைதான்! அரபு மருத்துவர்கள் அதனைக் 'குலஞ்சான்' என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'கலங்கா' எனத் திரிந்து, வேதியியலில் கலாஞ்சின் ஆயிற்று. 15 கரியணு, 10 நீரக அணு, 5 உயிர்வளி அணு கொண்டது அதன் மூலக்கூறு. ஓர் உயிர்வளி அணு குறைந்தால் அது கிரைசின். ஆய்வுக்கூடத்தில் இவை சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. எங்கோ ஒரு நாட்டின் மர மொட்டிலும், எம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் ஒரே சேர்மத்தை இறைவன் வைத்திருக்கிறான்!

அப்படியாயின் எம் தாயாரை வருத்தியது எது? கஃபீக் அமிலத்தின் எஸ்டர்கள்மேல் ஐயம் விழுகிறது. புரோபோலிஸால் ஒவ்வாமை அடைந்தோரிடம் அதற்குக் காரணமாக அறியப்பட்டவற்றுள் இவையே முதன்மையானவை. வியப்பு என்னவெனில், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபினெதில் எஸ்டர், ஆய்வுக்கூடச் சோதனைகளில் வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றலுக்குப் பெயர்பெற்றது. குழாயில் வீக்கத்தைத் தணிப்பதும், ஒருவர் உதட்டில் வீக்கத்தை எழுப்புவதும் ஒரே குடும்பம்! ஆகவேதான் ஆஸ்துமா உள்ளவர்களும், தேனீப் பொருட்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இதனைத் தவிர்க்கவேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது. எம் தாயாருக்கு இளமை முதலே இழுப்பு உண்டு. அதனை அறிந்திருந்தும் குப்பியைத் திறந்த பிழை எம்முடையதே.

மைத்துனர் வழங்கிய குப்பிகள் வேறு வீடுகளிலும் இருந்தன. வீடுவீடாகச் சென்று செய்தியைக் கூறினோம். பள்ளிவாசல் திண்ணையில் முதியவர் ஒருவர் எம்மை நிறுத்தினார். "பேராசிரியரே! அந்நஹ்ல் அத்தியாயத்தில் தேனீயிடம் மக்களுக்கு நிவாரணம் உண்டென்று அல்லாஹ் கூறியிருக்க, நீர் இதைத் தடுக்கலாமா?" என்றார். சுற்றிலும் பலர் இருந்தனர். எம் நா உலர்ந்தது.

மெல்லச் சொன்னோம்: "ஹஜரத், அத்திருவசனம் தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானத்தைப் பற்றியது. இதுவோ தேனீ காலில் சுமந்துவரும் மரப்பிசின். மேலும் அவ்வசனம் நிவாரணத்தைக் கூறிய கையோடு, சிந்திக்கும் மக்களுக்கு அதில் சான்று உண்டு என்றே நிறைவுறுகிறது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, நோயோடு மருந்து பொருந்தும்போது இறைநாட்டத்தால் குணமாகும் என்பது நபிமொழியின் கருத்து. எம் தாயாருக்கு இது பொருந்தவில்லை." முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என் பேரனுக்கும் இழுப்பு உண்டு" என்று கூறி, ஜிப்பாவின் பையிலிருந்து குப்பியை எடுத்து எம் கையில் வைத்தார்.

பொருத்தம் பார்ப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு விதிகளை வகுத்தார். விளைவு மீண்டும் மீண்டும் ஒன்றுபோல் நிகழவேண்டும் என்பதும், மனித உடலிலேயே சோதிக்கப்படவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். 1931 இல் டில்லித் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, சர்ப்பகந்தா வேரிலிருந்து இதயத்துடிப்பைச் சீராக்கும் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, ஹகீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். வேரின்மேல் மரபு கொண்ட நம்பிக்கையை அவர் எள்ளவுமில்லை, அந்நம்பிக்கையோடு நின்றுவிடவுமில்லை. உள்ளே இருப்பது என்ன என்று கேட்டார்.

அக்கேள்வியோடு 'எவ்வளவு', 'எப்படி' என்னும் இரண்டையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இருமலுக்கு நாம் சுவைக்கும் அதிமதுரத்தில் கிளிசிரைசின் உள்ளது. நாள்தோறும் மிகுதியாக உண்டால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கும். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தைத் தொடங்கும்போதே மிகுதியையும் குறைவையும் நோய்க்குக் காரணமாக வைத்ததன் நுட்பம் இதுவே. அடுத்தது, செய்முறை. மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த சீனச் செடியொன்றை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு 4 ஆம் நூற்றாண்டு நூலொன்று கூறியது. காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொன்னது ஏன் என்று 1971 இல் தூ யூயூ என்னும் அம்மையார் சிந்தித்தார். சூடு மருந்தை அழிக்கக்கூடும் என உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாற்றை எடுத்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூலின் ஒரு வினைச்சொல்லைக் கூர்ந்து படித்ததன் பயன் அது. சித்தர் ஏடுகளைப் பயிலும் தமிழ் மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்துக.

எம் தாயார் நலமடைந்தபின், சிற்றரத்தையிலும் அக்குப்பியிலும் ஒரே சேர்மம் இருக்கும் செய்தியைக் கூறினோம். சற்று அஞ்சி, "அப்ப இதையும் விட்டுறணுமா, வாப்பா?" என்று கேட்டார். வேண்டியதில்லை, தங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட பொருள் அது, அளவோடு பருகலாம் என்றோம். அன்று முதல் யார் எந்த மருந்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று அவரே முதலில் கேட்கிறார். எழுத்தறியாத அத்தாய் கேட்கும் கேள்வியை, கற்ற நாமும் கேட்போமாக. அறிவைப் பெருக்கித் தருமாறு இறைவனிடம் வேண்டுவது நம் மறை கற்பித்த துஆ அன்றோ!