அனாமத்துக் கணக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் நம் வீட்டுக்கு டைரி வந்து சேருகிற விதமே தனி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒன்று தருவார். கொலுசு வாங்கின தோஷத்துக்கு நகைக்கடைக்காரர் ஒன்று தருவார். மச்சினன் ஆபீஸிலிருந்து ஒன்று வரும். ஜனவரி முதல் தேதி குளித்துவிட்டு, 'இன்று முதல் தினமும் டைரி எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன்' என்று முத்து முத்தாக ஆரம்பிப்போம். ஜனவரி 2: 'இன்று விசேஷமாக ஒன்றுமில்லை.' ஜனவரி 3: 'நேற்றைப் போலவே.' ஜனவரி 4 முதல் வெள்ளைத் தாள். மார்ச்சில் பால் கணக்கு, ஜூனில் வீட்டு அம்மணியின் புள்ளிக்கோலம், ஆகஸ்டில் பையன் வரைந்த டைனோசர். வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறி மோட்சம் அடைந்துவிடும்.

இப்போது இதற்கே 'ஜர்னலிங்' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். மன அழுத்தமா, ஜர்னல் எழுது. தூக்கம் வரவில்லையா, ஜர்னல் எழுது. என்னைப் போன்ற பி.காம். பிரகஸ்பதிகளுக்கு இதைக் கேட்டால் லேசாக உடம்பு நடுங்கும். எங்களுக்கு ஜர்னல் என்றால் குறிப்பேடு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். வாடகை க/கு பற்று, ரொக்கக் க/கு வரவு. அதன் கீழே அடைப்புக்குறி போட்டு, 'ஜூன் மாத வாடகை செலுத்தியது' என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு நரேஷன் என்று பெயர். எங்கள் புரொபசர் ஒருவர், தொகை சரியாக இருந்தாலும் நரேஷன் இல்லாவிட்டால் அரை மார்க் கழித்துவிடுவார். "தொகை என்ன நடந்ததுன்னு சொல்லும். ஏன் நடந்ததுன்னு நரேஷன்தான்யா சொல்லும்" என்பார். கடைசி பெஞ்சில் இருந்த எங்களுக்கு அது அரை மார்க் விஷயமாகத்தான் பட்டது. அதன் அருமை தெரிய 2019 வரை ஆயிற்று.

அந்த வருஷம் பிப்ரவரியில் மன்னார்குடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. அரிசி மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை அது. நான் அப்போது கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாசம் கணக்கு முடிக்கிற நேரம் எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம். வெள்ளி ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் போவேன். ஞாயிறு ராத்திரி அதே வண்டியில் திரும்புவேன். திங்கட்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, நேரே ஆபீஸ். அக்காதான் அப்பாவோடு இருந்தாள்.

ஏப்ரலில் ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். கை சில்லிட்டுப் போகும். மனைவி லைட்டைப் போட்டு, "என்னங்க... என்ன பண்ணுது?" என்பாள். சொல்லத் தெரியாது. "கேஸ்" என்பேன். கேஸுக்கு எத்தனை நாள்தான் சுக்குக் கஷாயம் குடிப்பது?

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். ரத்தம் எடுத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு சார். மனசுதான் ஓவர்டைம் பார்க்குது" என்றார். சீட்டில் ஏதோ கிறுக்கினார். அதை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினேன். கடைப் பையன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, உள்ளே போய் முதலாளியிடம் காட்டிவிட்டு வந்து, "இது பக்கத்துக் கடையில கிடைக்கும் சார்" என்றான். பக்கத்தில் இருந்தது ஸ்டேஷனரிக் கடை. சீட்டில் எழுதியிருந்தது: நோட்டு 1, பேனா 1, படுக்கும் முன் 15 நிமிஷம்.

நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். முதல் நாலு நாள் நான் எழுதியதைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை மகன் என்பது தெரிந்துவிடும். '8.45 பஸ். மேனேஜர் கூப்பிட்டார். மதியம் தயிர் சாதம். அக்கா போன். 2.10க்கு விழிப்பு.' எல்லாம் தொகை; ஒரு நரேஷன் இல்லை. நெஞ்சு மூட்டையும் இறங்கவில்லை.

இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான ஆராய்ச்சி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க மனவியல் பேராசிரியர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து செய்து 1986-ல் வெளியிட்டது. 46 கல்லூரி மாணவர்கள். தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள் எழுதச் சொன்னார்கள். ஒரு கோஷ்டிக்குச் சாதாரண விஷயங்கள். இன்னொரு கோஷ்டிக்கு வாழ்க்கையில் பட்ட அடி, ஆனால் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். வேறொரு கோஷ்டிக்கு அந்த அடியில் மனசு பட்ட பாட்டை மட்டும். கடைசிக் கோஷ்டிக்கு இரண்டும். அடுத்த 6 மாதத்தில் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் குறைவாகப் போனது, நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதிய கடைசிக் கோஷ்டிதான். நடந்ததை மட்டும் எழுதினவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதாவது, நரேஷன் இல்லாத என்ட்ரிக்கு மார்க் இல்லை. எங்கள் புரொபசர் டெக்ஸாஸுக்குப் போகாமலே சொன்னது!

ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஒரு நரேஷன் போட ஆரம்பித்தேன். 'மேனேஜர் கூப்பிட்டார்... எல்லோர் முன்னாலும் கேட்டதால் அவமானமாக இருந்தது.' 'தயிர் சாதம்... பசியே இல்லை, டப்பாவைக் காலி பண்ணாவிட்டால் வீட்டில் கேள்வி வரும்.' எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கும். மீசை வைத்த ஆண்பிள்ளை 'பயமாக இருந்தது' என்று எழுதுவதற்குப் பேனா சுலபத்தில் சம்மதிக்காது. ஆனால் ஒன்று, பயத்தைப் பயம் என்று எழுதிவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. பெயர் வந்தால்தானே பேரேட்டில் ஏற்ற முடியும்?

ஏற்றினேன். மூன்று வாரம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் விட்டுப் போனது போக 19 ராத்திரிக்கான குறிப்பு இருந்தது. நெஞ்சு அடைத்த காரணத்தைத் தலைப்பு வாரியாகப் பிரித்தேன். ஆபீஸ் க/கு: 4. பணக் க/கு: 3. உடம்பு க/கு: 1. மீதி 11-ம் ஒரே தலைப்பு: போன்.

எனக்கே ஆச்சரியம். மேனேஜர்தான் என் சத்துரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு வெறும் நாலுதான்! விஷயம் என்னவென்றால், அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அக்கா ஒன்பதரை மணிக்குத்தான் ஓய்வாகப் போன் பண்ணுவாள். "சாப்பிட்டியா? குழந்தை தூங்கிட்டானா?" அவ்வளவுதான். ஆனால் மணி அடிக்கிறதுக்கும் நான் எடுக்கிறதுக்கும் நடுவே நாலு விநாடி இருக்கிறதே, அந்த நாலு விநாடியில் நான் தினமும் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு அதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறது.

இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்றில் போட்டு வைப்போம். பிழை கண்டுபிடிக்கிற வரை அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். 'கேஸ்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது என் அனாமத்துக் கணக்கு.

மறுநாள் பகலில் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, சும்மா பேசறதுன்னா சாயங்காலம் ஏழு மணிக்குள்ள பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் வந்தா ஏதோ ஆச்சுன்னு அர்த்தம். சரியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டேய் தம்பி... நீ ராத்திரி எடுக்க லேட்டாச்சுன்னா, அங்க உனக்கு என்னமோ ஆச்சுன்னு எனக்குப் படபடன்னு வருதுடா. உங்கிட்ட சொல்லலை" என்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தோம். சிரித்தோம் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்; நரேஷனில் வேறு எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே கும்பகர்ணன் மாதிரித் தூங்கினேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். பத்து நாள் ஆயிற்று. நடுவில் மார்ச் பாக்கி வேலைகள் வேறு தலைக்குள் ஓடும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. டெக்ஸாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 57 இளைஞர்கள். படுக்கும் முன் 5 நிமிஷம், ஒரு பாதி முடித்த வேலைகளை எழுதியது. மறு பாதி இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியது. செய்ய வேண்டியதை எழுதினவர்கள் சுமார் 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். 'இன்னின்ன வேலை' என்று எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தை நாளைய பாக்கிகளுக்கு ஒதுக்கினேன். 'வங்கி ஸ்டேட்மென்ட் சரிபார்க்க. மேனேஜரிடம் லீவு கேட்க.'

அப்படி ஒரு ராத்திரி பாக்கிப் பட்டியலில் பேனா தானாக ஒரு வரி எழுதிற்று: 'அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல.' எழுதிவிட்டால் அப்புறம் அது பாக்கி. பாக்கியை அடுத்த மாசத்துக்குத் தள்ளினால் கணக்குப்பிள்ளை மகனுக்குப் பிடிக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அரிசி மில் திண்ணையில உட்கார வெச்சு நீங்க கத்துக் கொடுத்த கூட்டல்லதாம்ப்பா நான் இன்னிக்குச் சோறு சாப்பிடறேன்." அவரால் பேச முடியாது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் வெட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

அப்பா 2021 நவம்பரில் போனார். போன் ராத்திரி பத்து நாற்பதுக்கு வந்தது. எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்தத் துக்கம் துக்கம்தான். எந்த நோட்டும் அதைக் குறைக்கவில்லை. ஆனால் அவர் பெயரில் என் பக்கம் பாக்கி எதுவும் நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நோட்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். இது சர்வரோக நிவாரணி இல்லை. 2006-ல் இத்தகைய 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றுதான் வந்தது. எழுதி முடித்த கையோடு மனசு முன்னைவிடக் கனப்பதும் உண்டு. அது கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். ஒரே புலம்பலையே செக்குமாடு மாதிரி தினமும் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தால், அல்லது எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால், நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, 'நாம் இருந்தென்ன' என்கிற நினைப்பு வருகிறது என்றால் அது நோட்டுக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை. டாக்டரிடம் போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். போன் பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. போனால்தான் எனக்கு வியாதி வந்தது, போனால்தான் போயிற்று.

"வீட்டில் யாராவது படித்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பெப்பீஸ், 1660 முதல் 1669 வரை தன் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதினார். உங்களில் யாராவது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணியிருந்தால், அது இப்போதாவது உபயோகப்படட்டும். மற்றவர்கள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம்; பலன் எழுதுவதில்தான், சேர்த்து வைப்பதில் இல்லை. தினமும் எழுத வேண்டும் என்கிற வைராக்கியமும் வேண்டாம். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, இருபத்தைந்து வருஷம் தமிழிலேயே டைரி எழுதினார். அவர் சரித்திரத்துக்கு எழுதினார். நமக்குத் தூக்கம் வந்தால் போதும்.

ஒரு யோசனை. இந்த வருஷம் வந்த ஓசி டைரியை மட்டும் எடுக்காதீர்கள். அதில் தேதி அச்சடித்திருக்கும். நாலு நாள் விட்டுப் போனால் அந்த வெள்ளைத் தாள் நம்மைப் பார்த்து முறைக்கும். நாற்பது ரூபாய் நோட்டுதான் உத்தமம். அது எதுவும் கேட்காது. டைரியைக் கோலத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவர்களுக்கும் மன நிம்மதி வேண்டாமா?