அறத்தொடு நிற்க ஆளில்லை

கனடா 2005-இல் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் சட்டமாக்கியது. பெண்கள் இருவரான எங்கள் மணச் சான்றிதழோ, மதுரையிலிருந்து பெற்றோர் வந்து தங்கிய ஆறு மாதமும் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது. (எங்களில் யாருடைய பெற்றோர் என்பது இங்கு முக்கியமன்று.)

டொராண்டோ வீட்டில் இரண்டே அறைகள். பெரிய கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற அறையில் இரண்டு பாய்களை ஒரு முழம் இடைவெளி விட்டு விரித்துக்கொண்டோம். இரு பெண்கள் ஓர் அறையில் உறங்குவதைத் தமிழ்க் குடும்பம் சந்தேகிப்பதில்லை. அந்த இடைவெளி எங்கள் அச்சத்துக்காக.

‘தோழி’ என்றே அறிமுகம். பொய்யுமன்று. அகமரபில் தலைவியின் களவைச் செவிலிக்கு உணர்த்தி அறத்தொடு நிற்பவள் தோழி. செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். தோழியே காதலுக்குரியவளானால் யார் போய்ச் சொல்வது? தொல்காப்பியர் அதற்கு வழி வகுக்கவில்லை.

ஊரிலும் இது குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2023-இல் திருமண உரிமையைத்தான் தர மறுத்தது. நாங்கள் அஞ்சியது நீதிமன்றத்துக்கு அன்று. தெருவில் நாலு பேர் கேட்டால் இவ்விருவரும் என்ன பதில் சொல்வார்கள்?

புறப்படும் நாளன்று அம்மா இரண்டு பாய்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே சுருளாகச் சுருட்டி மூலையில் சாத்தினார். இடநெருக்கடி காரணமாகவும் இருக்கலாம்.