சத்துருவின் பெயர்

சிறுவர்களுக்கான மாயக்கதைகளை நம் விமர்சகர்கள் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு என்றில்லை. தொடத் தகுந்தவையாக நினைப்பதில்லை, அவ்வளவுதான். நானும் அப்படி இருந்தவன். மகளுக்கென்று பழைய புத்தகக் கடையில் பொறுக்கி வந்த நாலைந்து நாவல்களை, அவள் படித்து முடித்துப் போட்ட பிறகு, ஒரு மழை வாரத்தில் வேறு வேலையில்லாமல் எடுத்தேன். எழுதியவர்கள் இருவர்: சி. எஸ். லூயிஸ், மெடலின் லெங்கிள். இருவருமே விசுவாசிகள். இருவரும் ஆங்கிலிக்கன் மரபு. நான் ஞானஸ்நானம் பெற்ற திருநெல்வேலி சபைக்கும் அங்கே ஒரு வேர் உண்டு. ஆகவே இதை வெளியாளாக நின்று எழுதவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் மலைப்பிரசங்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்களுக்குச் சத்துருவை நேசிக்க வேண்டும் என்பது தெரியும். எப்படி என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. கதைகளாவது சொல்கின்றனவா என்று பார்த்தேன்.

லூயிஸின் 1950 நாவலில், உடன்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கும் எட்மண்ட் என்ற பையன் மீட்கப்படுகிறான். சிங்கமான அஸ்லான் அவனைத் தனியே அழைத்துப்போய்ப் பேசுகிறது. என்ன பேசியது என்று லூயிஸ் சொல்வதில்லை. அந்த மௌனம் ஒரு கலைஞனுடையது. பிறகு அவனுக்குப் பதிலாக அஸ்லானே சாகவும் செய்கிறது. ஆனால் எட்மண்ட் வீட்டுப் பையன். சூனியக்காரியை நேசிக்க வேண்டும் என்று அந்தக் கதையில் யாருக்கும் தோன்றவில்லை. உயிர்த்தெழுந்த அஸ்லான் போர்க்களத்தில் அவளைக் கொன்றுபோடுகிறது, கதை மேலே போகிறது. லூயிஸ் முதல் உலகப் போரில் 1918இல் காயம்பட்டவர். 1940இல், தான் ஏன் யுத்த மறுப்பாளன் அல்ல என்று யுத்த மறுப்பாளர்கள் முன்னாலேயே பேசியவர். சத்துருவை நேசிப்பதும் அவனைப் போரில் கொல்வதும் அவருக்கு முரண்பட்டவை அல்ல. நேர்மையான நிலைதான். ஆனால் கதையில் வாள் தன் காரியத்தை முடித்த பிறகு நேசத்திற்கு அதிக வேலை மிஞ்சுவதில்லை.

1956இல் வந்த கடைசி நார்னியா நாவலில் எமெத் என்று ஓர் எதிரிப் படைவீரன் வருகிறான். வேறு தெய்வத்தைத் தொழுதவன். அவனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது: நீ அந்தத் தெய்வத்திற்கு உண்மையோடு செய்தவை எனக்கே செய்தவை என்பதாக. மகள் இந்த இடம் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு நெருடியது. எமெத்தின் ஜனங்களுக்குக் கருத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள். தெற்கே பிறந்து இதைப் படிக்கிறவன் தன்னையறியாமல் நார்னியாவின் பக்கம் நின்று படித்து வந்து, திடீரென்று தன் முகத்தை எதிர்ப் பாளையத்தில் பார்க்கிறான். தவிரவும், எமெத் உள்ளுக்குள் நம்மவனாக இருந்ததால் ஏற்கப்பட்டான். அது சத்துருவை நேசிப்பது ஆகுமா?

லெங்கிளிடம் வந்தால் விஷயம் சிக்கலாகிறது. 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) நாவலில் மெக் என்ற பெண், தன் தம்பியைப் பிடித்துவைத்திருக்கும் ராட்சச மூளையை நேசிக்க முடிந்தால் வெல்லலாம் என்று யோசிக்கிறாள். முடியவில்லை. தம்பியைத்தான் நேசிக்க முடிகிறது. அதை வைத்து அவனை மீட்டுக்கொண்டு ஓடிவருகிறாள். முடியாததை முடியாது என்று ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பதினோரு வருஷம் கழித்து, 'எ விண்ட் இன் த டோர்' (1973) நாவலில், லெங்கிள் அதே கேள்விக்குத் திரும்புகிறார். இங்கே தீய சக்திகளுக்குப் பெயர் எக்த்ராய். மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில், நம் பழைய மொழிபெயர்ப்பு 'சத்துருக்கள்' என்று சொல்கிற இடத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். அவற்றின் தொழில் பெயரை அழிப்பது. ஒன்றை அது அதுவாக இல்லாமல் ஆக்குவது.

மெக்கின் முன்னால் அவள் வெறுக்கும் பள்ளித் தலைமையாசிரியர் ஜென்கின்ஸ் நிற்கிறார். ஒருவரல்ல, மூன்று பேர். இரண்டு பேர் எக்த்ராய். ஒரே முகம், ஒரே குரல், ஒவ்வொருவரும் தானே அசல் என்று வாதிக்கிறார்கள். அசலைக் கண்டுபிடித்துப் பெயரிட வேண்டும். நேசிக்காமல் பெயரிட முடியாது. அவளிடம் இருப்பது வெறுப்பு மட்டுமே. நேசம் என்பது உணர்ச்சியல்ல, செய்கை என்கிறது கூட நிற்கும் கேருபீன். அப்போது நண்பன் கால்வின் சொன்ன ஒரு சங்கதி துணைக்கு வருகிறது. ஏழைப் பையனான அவனுக்கு ஜென்கின்ஸ் ஒரு ஜோடி ஷூ கொடுத்திருந்தார், தன் பழைய ஷூ என்று. உண்மையில் புதிது. பையன் கூச்சப்படக் கூடாதென்று அவரே அதைத் தேய்த்துப் பழசாக்கியிருந்தார்.

அந்த ஷூவால் ஜென்கின்ஸ் நல்லவராகிவிடவில்லை. பொடுகும் தலைத் தைல வாடையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இன்ன மனிதர் என்று ஆகிவிடுகிறார். நாவலின் முடிவில் மெக் எக்த்ராய்களுக்கே பெயரிட்டு அணைத்துக்கொள்வது எனக்குக் கவித்துவ அவசரமாகப் படுகிறது. இந்த ஷூ போதும்.

எனக்கும் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பதினான்கு வயது, ஹாஸ்டல் வாசம். பண்டிகைக் காணிக்கைப் பெட்டியில் பணம் குறைந்தது. காலை ஜெபத்தில் எல்லோர் முன்னும் என்னை எழுப்பி நிறுத்தி, பெயர் சொல்லாமல் "திருடன்" என்றார். அப்பா ஊரிலிருந்து வந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசலில் நின்று பணத்தைக் கட்டினார். ஒரு மாதத்தில் பணம் வேறோர் இடத்தில் அகப்பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி முடியும்வரை பையன்களுக்கு என் பெயர் அந்தப் பெயர்தான்.

புத்தகத்தை மூடிவிட்டு அவருடைய ஷூவைத் தேடினேன். கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் பிரம்போடு நிற்கிறார், எப்போதும் அதே நிலை. அதே பள்ளியில் படித்த அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பிரம்பா? அவருட்ட எங்கலே பிரம்பு இருந்துச்சு? ஒருத்தரையும் அடிச்சதில்லையே. குடைதாம்லே வச்சிருப்பாரு, மழையோ வெயிலோ."

என்ன குடை என்று கேட்டேன். மூங்கில் பிடி, ஒரு கம்பி ஒடிந்து நூல் போட்டுக் கட்டியிருக்கும் என்றான். இத்தனை வருஷமாக நான் வெறுத்து வந்த ஆளின் கையில் பிரம்பைக் கொடுத்தது நான்தான் போலிருக்கிறது. அப்பா வாசலில் நின்றதை மட்டும் அண்ணனும் மறுக்கவில்லை.

அவர் இறந்து வெகு காலமாகிறது. குடையோடு பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் பிரம்பு வந்துவிடுகிறது. குடை தெரிகிற நாளில் நூல் கட்டு தெரிகிறது, அதைக் கட்டிய விரல்கள்கூட. பிறகு வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்.