எல்லையோரத்துக் கோழிகள்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் காதில் முதலில் விழுவது மும்மொழி ஆரவாரம். தமிழர் கோழி என்பதைக் கன்னடர் கோளி என்பர்; தெலுங்கர் கோடி என்பர். சந்தையில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. பெங்களூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். 1970களில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இவ்வூர் வளர்ந்துகொண்டே போகிறது. அதிகாலையில் ஆலைப் பேருந்துகள் வரிசையாய் வந்து இளம் பெண்களை ஏற்றிச் செல்லும் காட்சி இன்று எல்லாக் கிராமங்களுக்கும் பழகிவிட்டது.

நான் சென்றது தளி சாலையிலுள்ள மத்தகொண்டபள்ளிக்கு. பழைமையான கத்தோலிக்கப் பங்கு அது. என் பெரியம்மா அங்கே ஆலயத்துக்கு அண்மையில் குடியிருக்கிறார். பேத்தி மின்னணு ஆலையில் முறைவேலை பார்க்கிறாள். பகலில் வீட்டில் பெரியம்மாவும் கோழிகளுமே. முட்டைக்காசில்தான் அவருக்கு மருந்து, மாத்திரை, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை எல்லாம். பேத்தியிடம் கைநீட்ட மனம் வராது அவருக்கு.

"இந்த வருஷம் ஏமாந்து போனேனப்பா" என்றுதான் என்னை வரவேற்றார்.

நடந்தது இதுதான். இரு சக்கர வண்டியில் கூடைகட்டி வந்த வியாபாரி ஒருவர், அசல் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் என்று சொல்லி 20 குஞ்சுகளை விற்றுப் போனார். செம்மை, கருமை, புள்ளி என நிறமும் அழகாகவே இருந்தது. வளர்ந்தபின் பார்த்தால் பாதிக்குமேல் சேவல்கள். எஞ்சிய பெட்டைகள் ஏராளமாய் முட்டையிட்டன. பெரியம்மாவும் மகிழ்ந்தார். ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. பருந்தின் நிழல் கண்டு ஒதுங்கவும் அவற்றுக்குத் தெரியவில்லை. ஆண்டிறுதியில் முட்டை குறைந்தது. புதுக்குஞ்சு வேண்டுமானால் மறுபடியும் அதே வண்டியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

நிறத்தைக் கண்டு இனத்தைத் தீர்மானித்ததே இங்கு நேர்ந்த பிழை. அது பெரியம்மாவின் பிழை மட்டுமன்று. இங்கிலாந்தில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் கோழி இனங்களுக்கு இலக்கண நூல்கள் வெளியாயின. கொண்டையில் எத்தனை முனை, காதுமடல் என்ன நிறம், கால் மஞ்சளா கருமையா என்றெல்லாம் வகுத்தார்கள். நம் நாட்டிலும் திண்டுக்கல் பக்கம் கண்காட்சிகளில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்கு அலகின் வளைவையும் வாலின் நீளத்தையும் பார்த்தே பரிசு தருகிறார்கள். விலை கேட்டால் தலை சுற்றும்! இத்தகைய ஆர்வலரால்தான் பல பழைய இனங்கள் அழியாமல் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அழகுக்குப் பரிசு பெற்ற கோழி முட்டைக்கூடையை நிரப்பும் என்பதற்கு உறுதியில்லை.

குஞ்சுப் பொரிப்பகத்தின் கணக்கு நேர் எதிரானது. அங்கே இறகின் அழகுக்கு மதிப்பில்லை. தனித்தனி வழித்தோன்றல்களைப் பல தலைமுறை தேர்ந்து, கடைசியில் ஒன்றோடொன்று கலந்து முட்டைக்கோழியை உருவாக்குகிறார்கள். நல்ல தீவனமும் கூண்டும் கொடுத்தால் ஆண்டுக்கு 300க்கும் மேல் முட்டை. நம் சத்துணவுக் கூடங்களில் ஏழைப் பிள்ளைகளின் தட்டில் முட்டை விழுவது இந்த உழைப்பினால்தான். அதைக் குறைகூற எனக்கு நா எழாது. ஆயினும் அடைகாக்கும் நாட்களில் கோழி முட்டையிடாது. ஆகவே அடைகாக்கும் குணம் தேர்வில் கழிக்கப்பட்டுவிட்டது. கலப்பினம் ஆதலால், அதன் முட்டையைப் பொரித்தாலும் தாயின் திறன் குஞ்சுகளுக்குச் சீராக இறங்காது.

மறுநாள் மத்திகிரிக்குச் சென்றேன். 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குதிரைகளுக்காக அமைத்த பண்ணை, இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக விரிந்து கிடக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் இவ்வூரில்தான் இருக்கிறது. அடர்ந்த மரங்களின் நிழலில் நடந்தபோது ஒன்று தோன்றியது: புறக்கடைக்கென்றே உருவான கோழிகள் நம் அண்டையிலேயே இருக்கின்றனவே! பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கிரிராஜா, ஐதராபாத்து ஆய்வு நிலையம் தந்த வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை மேய்ந்து வளர்பவை. நாட்டுக்கோழியைவிடப் பன்மடங்கு முட்டையிடுபவை. ஆனால் இவையும் அடைக்கு நம்பத்தக்கவை அல்ல.

அடைக்கு நம் சிறுவிடைக் கோழியே வேண்டும். உருவம் சிறிது, ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, அவ்வளவுதான். ஆனால் அது குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு, எருசலேமை எண்ணிக் கலங்கிய ஆண்டவர் ஏன் கோழியை உவமையாக எடுத்தார் என்பது விளங்கும்.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர், வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டு உள்ளூர்க் கோழிகளை மேம்படுத்த முயன்றார். ஊர்க்கோழியைத் துரத்தாமல் அதனோடு புதியதைச் சேர்ப்பது எனக்கு இன்றும் நல்ல வழியாகவே படுகிறது.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டாம். தாய்க்கோழிகள் எந்த இனம், பெட்டை பிரித்ததா, முதல் நாளே மாரக் நோய்க்கு ஊசி போட்டதா என்று கேளுங்கள், பதில் தயங்கினால் வண்டியைப் போகவிடுங்கள் என்றேன். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஊசியும் தவறக்கூடாது. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் ஊசி இலவசம்.

"அதெல்லாம் சரி, அடைக்கு என்ன செய்யறது?" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காளிடம் சாம்பல் நிறச் சிறுவிடை ஒன்று குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அதைக் கடனாக வாங்கினோம். நான் மத்திகிரியில் விசாரித்து வாங்கி வந்த கிராமப்பிரியா முட்டைகள் 11. பெரியம்மா ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் சிலுவை அடையாளமிட்டு, மணல் பரப்பிய கூடையில் வைத்து, மாலை மணி ஒலித்தபின் கோழியை மெல்ல இறக்கினார். அது இரண்டு முறை சுற்றிப் பார்த்தது. பிறகு சிறகை விரித்து அமர்ந்தது.

"21 நாள். எண்ணிக்கோ" என்றார் பெரியம்மா, கதவைச் சாத்தியபடி.